விக்ரோலியிலிருந்து தலையற்ற உலாவி வரை

விக்ரோலி என்றதும் பழைய பம்பாய்த் தமிழர்களுக்கு நினைவில் எழுவது கோத்ரெஜ் நிறுவனமே. சுதந்திர பாரதத்தின் முதல் பொதுத்தேர்தலுக்கு லட்சக்கணக்கான வாக்குப்பெட்டிகளை இங்கே செய்தளித்த அந்நிறுவனம், 1955-இல் இந்தியாவின் முதல் தட்டச்சுப் பொறியையும் உருவாக்கிற்று. லோயர், ஹையர் தட்டச்சுப் பரீட்சைகளில் தேறி, மாதுங்காவில் ஒண்டுக்குடித்தனமாகத் தங்கி, கோட்டைப் பகுதி ஆபீஸ்களில் பொழுதெல்லாம் விசைகளைத் தட்டிய நம்மவர்கள், தாளை உருளையிலிருந்து உருவி, ஒருமுறை கண்ணால் வாசித்த பிறகே மேலதிகாரியிடம் கொடுப்பார்கள். அவர்களுடைய சந்ததியாரில் சிலர் ரயிலேறி மென்பொருள் அலுவலகங்களுக்குச் சென்று, டெஸ்டிங் என்னும் தொழிலில் ஜீவனம் செய்கிறார்கள்.

அத்தொழிலின் ஆதிநாட்களில், வலைத்தளத்தில் எள்ளளவு மாறுதல் நேர்ந்தாலும், பயனர் பெயரை இட்டு, கடவுச்சொல்லை இட்டு, பொத்தானை அழுத்தி, வந்த பக்கத்தைப் பார்த்து, எக்ஸெல் தாளில் பாஸ் அல்லது ஃபெயில் என்று குறித்து, மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவதே பரிசோதகரின் நித்திய கர்மாவாக இருந்தது. இச்சிரமத்தைத் தணிக்க, 2004-இல் சிகாகோவில் ஜேசன் ஹக்கின்ஸ் செலினியம் என்னும் கருவியை இயற்றினார். அந்நாளில் சோதனைக் கருவிகளின் சந்தையில் மெர்க்குரி (பாதரசம்) என்ற நிறுவனம் கோலோச்சியது. பாதரச நஞ்சுக்குச் செலினியம் முறிவு என்ற விளையாட்டுப் பேச்சிலிருந்தே அப்பெயர் பிறந்தது. விரல் படாமலே திரையில் எழுத்துகள் நிரம்புவதை முதன்முறை கண்ட நாளின் பிரமிப்பு எனக்கு இன்னும் நீங்கவில்லை.

ஆயினும் அந்நாளில் உலாவியின் ஜன்னல் திறந்தால்தான் செலினியம் வேலை செய்தது. திரையே இல்லாத சர்வர்களில், எக்ஸ்விஎஃப்பி என்னும் மாயத் திரையை நினைவகத்தில் விரித்து உலாவியை நம்பவைக்க வேண்டியிருந்தது. 2011-இல் ஆரியா ஹிதாயத் என்ற இந்தோனேசியர் வெளியிட்ட, ஜன்னலின்றி இயங்கும் பான்டம்ஜேஎஸ் என்னும் உலாவி அத்தொல்லையைப் பெரிதும் போக்கிற்று. விக்ரோலிக்கு அடுத்த பவாய் ஐஐடியில் பயின்ற ரிதேஷ் அரோரா, நகுல் அகர்வால் ஆகிய இருவரும் பலவகை உலாவிகளைத் தூரத்திலிருந்தே சோதிக்கத் தரும் பிரௌசர்ஸ்டாக்கை மும்பையில் தொடங்கியதும் அவ்வாண்டே. 2017-இல் குரோம் தனது 59-ஆம் பதிப்பில் ஜன்னலின்றி இயங்கவிருக்கிறது என்ற செய்தி வந்ததும், பான்டம்ஜேஎஸ்ஸைப் பராமரித்து வந்தவர் விலகிக்கொண்டார்.

ஜன்னலின்றி இயங்கும் இவ்வகை உலாவிக்குத் தலையற்ற உலாவி என்னும் பெயர் முழுவதும் பொருந்தாது என்பது என் அபிப்பிராயம். ராமாயணத்துக் கவந்தனுக்குத் தலையில்லாவிடினும் வயிற்றிலே வாய் உண்டு. அவ்வாறே இதுவும் ஜன்னலைத் திறப்பதில்லையே தவிர, பக்கத்தைப் படித்து, நிரலை இயக்கி, ஒவ்வோர் எழுத்தின் இடத்தையும் கணக்கிட்டு, கேட்டால் படமும் எடுத்துத் தருகிறது. அப்படத்தைப் பார்க்க ஒருவர் வேண்டும்.

ஒருமுறை தமிழ்ப் பக்கம் ஒன்றின் சோதனைகள் யாவும் பச்சை நிறத்தில் தேறி முடிந்திருந்தன. தற்செயலாகப் படத்தைத் திறந்தேன்; தலைப்பு இருக்கவேண்டிய இடத்தில் வரிசையாக வெற்றுக் கட்டங்கள் நின்றன. சர்வரில் தமிழ் எழுத்துருவே இல்லை. சோதனை நிரலோ எழுத்துகளின் யூனிகோட் எண்களை ஒப்பிட்டதேயன்றி, வடிவத்தைக் காணவில்லை. நோட்டோ தமிழ் எழுத்துருவை ஏற்றி மீண்டும் ஓட்டினோம். இரண்டாவது படத்தில் கொம்பும் காலும் புள்ளியும் தத்தம் இடத்தில் அமர்ந்திருந்தன. அவற்றை ஒருமுறை வாசித்த பிறகே பக்கத்தை வெளியே அனுப்பினோம்.