ஆழிப்பேரலையும் ஆய்வறமும்

மட்டக்களப்பு வாவிக்கும் வங்கக் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையிலே, காத்தான்குடிக்குத் தெற்கே அமைந்தது ஆரையம்பதி. மண்முனைப்பற்றைச் சேர்ந்த இவ்வூரின் கரையோரமும் 2004 டிசம்பர் 26ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலைக்குத் தப்பவில்லை. இலங்கையில் 30,000 பேருக்கு மேல் மாண்ட அவ்வழிவின் பின்னர் கிழக்குக் கரைக்கு உணவு வந்தது, மருந்து வந்தது. அவற்றின் பின்னே வினாக்கொத்தும் வந்தது.

வினாக்கொத்தை ஏந்தி வந்தோர் யாவரும் தீயோரல்லர். ஆயினும் அகதி முகாமிலே நிவாரணம் வழங்குபவரும் வினா எழுப்புபவரும் ஒருவரேயாயின், "விரும்பினால் மறுக்கலாம்" என்ற சொல்லுக்கு என்ன பொருள்? மறுத்தால் அடுத்த பொதி கிடையாதோ என்று அஞ்சுபவரின் உடன்பாடு உடன்பாடாகுமா? இலங்கை மருத்துவ ஆய்வாளரான அத்துல சுமதிபால, சிசிர சிறிபத்தன ஆகியோர் 2005ஆம் ஆண்டிலேயே இப்பிரச்சினையை 'லான்செற்' இதழில் எழுப்பினர்.

இவ்வினா புதியதன்று. நாசி மருத்துவர்கள் மீதான வழக்கின் முடிவில், 1947இல், நியூரம்பேர்க் நெறிக்கோவை தோன்றியது. பரிசோதனைக்கு உட்படுபவரின் சுயவிருப்பமான உடன்பாடே அதன் முதல் விதி. 1964இல் ஹெல்சிங்கிப் பிரகடனம் வந்தது; ஆய்வுத் திட்டத்தைத் தனியான குழுவொன்று பரிசீலித்தல் வேண்டும் என்னும் ஏற்பாடோ 1975இல் டோக்கியோவில் அது திருத்தப்பட்டபோதே இடம்பெற்றது. இடைப்பட்ட காலத்தே ஐக்கிய அமெரிக்காவின் டஸ்கீகியில் நிகழ்ந்தது வெளிப்பட்டிருந்தது. அங்கே 1932 முதல் 1972 வரை, 'சிபிலிசு' நோயுற்ற கறுப்பின ஆடவர் ஏறத்தாழ 400 பேரை, பெனிசிலின் மருந்து பரவலாகக் கிடைத்த பின்னரும் சிகிச்சையளியாது ஆய்வாளர் அவதானித்து வந்தனர். நெறிகள் நூலகங்களிற் பிறந்தவையல்ல. ஒவ்வொன்றின் பின்னும் யாரோ வஞ்சிக்கப்பட்டிருக்கின்றனர்.

இலங்கையில் கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் 1981இல் ஒழுக்கநெறி மீளாய்வுக் குழுவொன்றை அமைத்தது. அதே ஆண்டிலே மட்டக்களப்பில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பெற்று, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. இன்று மருத்துவ ஆய்வில் ஈடுபடும் மாணவர் குழுவின் அனுமதி பெற்றே தொடங்கல் வேண்டும்.

இங்கே கல்முனைச் சம்பவமொன்று நினைக்கத்தக்கது. அது ஆய்வன்று, எனினும் ஆய்வுகூடத்தைச் சார்ந்தது. பேரலையன்று கல்முனை வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்ட கைக்குழந்தைக்கு 81 என்ற அனுமதி இலக்கமே பெயராயிற்று. ஒன்பது தாய்மார் உரிமை கோரினர் என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. சட்டப்படி உரிமை கோரியவரோ ஒரே தம்பதியர். நீதிமன்றக் கட்டளைப்படி நடந்த மரபணுச் சோதனை 2005 பெப்ரவரியில் அவர்களே பெற்றோர் எனக் காட்டியது. ஆய்வுகூடம் மெய்யைச் சொல்லிற்று; அதற்கு முன்பே கதை உலகைச் சுற்றிவிட்டது.

ஆய்வுகூடத்தில் இருப்பவர் குருதிக் குழாயின் இலக்கத்தைக் காண்பாரேயன்றி ஆளைக் காணார். அவருக்கு அளிக்கப்படும் நெறிப்பயிற்சி படிவம் நிரப்பும் பயிற்சியாகக் குறுகிவிடுவது இதனாலேதான் போலும். அவர் நிரப்பச் சொல்லும் படிவமோ இக்கரையிலே வேறு பொருள் பெறுகின்றது. போர்க்காலத்தில் அந்நியர் நீட்டிய தாளிற் பெயரெழுதிக் கையொப்பமிடுவது அச்சந்தரும் செயலாகவே இருந்தது. அந்நினைவு உள்ளவரிடம், "உமது பாதுகாப்பிற்காகவே ஒப்பமிடுக" என்பது விந்தையான வேண்டுகோள்.

இதற்கு ஹெல்சிங்கிப் பிரகடனமே வழியொன்று வைத்துள்ளது. எழுத்தில் உடன்பாடு பெற இயலாதவிடத்து, வாய்மொழி உடன்பாட்டைச் சாட்சி முன்னிலையிற் பதியலாம். ஆனால் ஆரையம்பதியிலே சாட்சி நிற்பவர் யார்? கோயில் வண்ணக்கரை அழைத்தால், அவர் முன் மறுத்துரைக்க ஊரவர் தயங்கக்கூடும். கிராம உத்தியோகத்தரை அழைத்தால், நிவாரணப் பட்டியலை எழுதுவதும் அவர் கையே.