கட்டிலிலிருந்து விழுந்ததா? குழந்தையின் தலைக்காயமும் கணினி சொல்லும் பதிலும்

பன்வில பக்கத் தோட்டமொன்றிலிருந்து பத்து மாதக் குழந்தையொன்று நினைவின்றிப் பேராதனை சிறுவர் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டிலிலிருந்து சீமெந்துத் தரையில் விழுந்துவிட்டதாகத் தாய் சொல்கிறார். சி.டி. ஸ்கேனில் மூளையைச் சுற்றி இரத்தக்கசிவு. இந்த உயரத்திலிருந்து விழுந்தால் இவ்வளவு காயம் வருமா? சட்ட வைத்திய அதிகாரியின் பதில் பிழைத்தால், அடித்தவரின் கைக்கே பிள்ளை திரும்பிப் போகலாம். அல்லது தவறேதும் செய்யாத தாய், தண்டனைச் சட்டக்கோவையின் 308அ பிரிவின் கீழ் கூண்டில் நிற்க நேரலாம்.

இந்தக் கேள்விக்குப் பொறியியல் வழியில் பதில் தேடும் முயற்சி பொம்மைகளுடன் தொடங்கியது. 1987இல் அமெரிக்க நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் ஆன்-கிறிஸ்டின் டுஹெய்மின் குழு, ஒரு மாதக் குழந்தையின் அளவில் செய்த பொம்மைகளைக் குலுக்கியும் மோதியும் அளந்தது. மோதலின்போது தலையில் ஏற்பட்ட முடுக்கம், குலுக்கும்போது ஏற்பட்டதைவிட ஏறக்குறைய 50 மடங்கு. குலுக்கினாலே போதும் என்று அதுவரை நம்பியவர்களுக்கு அது பெரிய அதிர்ச்சி.

அடுத்து வந்தது கணினி. மண்டையோடு, மூளை, இரத்த நாளங்கள் எல்லாவற்றையும் ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எவ்வளவு இழுபடும், எப்போது கிழியும் என்று எண்கள் கொடுக்கிறார்கள். பிறகு அந்தத் தலையைத் திரையில் விழ வைக்கிறார்கள். வாகன விபத்து ஆய்வில் பயன்படும் அதே முறைதான்.

சிக்கல் அந்த எண்களில் இருக்கிறது. பெரியவர்களின் எலும்புக்கான எண்ணைக் குழந்தைக்குப் போட முடியாது. 2006இல் பிரிட்டனி கோட்ஸ், சூசன் மார்குலிஸ் இருவரும் இறந்த குழந்தைகளின் மண்டையோட்டை ஆராய்ந்தபோது, எலும்புகளுக்கு இடையிலுள்ள பொருத்துகள் அறுவதற்கு முன், எலும்பைவிடப் பல மடங்கு இழுபடுவதைக் கண்டார்கள். இப்படியான மாதிரிகள் கிடைப்பதே அரிது. மூளைத் திசு பற்றிய தரவில் பெரும்பகுதி பன்றிக்குட்டிகளிடமிருந்து வந்தது. அதனால் திரையில் தெரியும் வண்ணப்படம் எவ்வளவு துல்லியமாகத் தோன்றினாலும், அது ஊகங்களின் மேல்தான் நிற்கிறது.

நீதிமன்றத்தில் இது உயிர்ப் பிரச்சினை. டெக்சாஸில் இரண்டு வயது மகளைக் கொன்றதாக 2003இல் மரணதண்டனை பெற்ற ராபர்ட் ரொபர்சன், பிள்ளை கட்டிலிலிருந்து விழுந்தாள் என்றே கூறிவந்தார். அவரது தண்டனை 2024 ஒக்டோபரிலும் 2025 ஒக்டோபரிலும் நிறுத்தப்பட்டது.

சொல்லப்பட்ட கதை சாத்தியமா என்பதைக் கணினி மாதிரியால் ஓரளவு சோதிக்கலாம். யார் செய்தார், எப்போது செய்தார் என்பதை அதனால் சொல்ல முடியாது. தாய் கொழுந்து பறிக்கப் போன நேரத்தில் பிள்ளை பாட்டியிடம் இருந்ததா, பிள்ளைக் காம்பராவில் இருந்ததா என்பதை விசாரித்துத்தான் அறிய வேண்டும். ஆறிய பழைய எலும்பு முறிவுகள் உண்டா, விழித்திரையில் இரத்தக்கசிவு உண்டா என்பதும் சேர்த்தே பார்க்கப்படும். கட்டிலின் உயரத்தைப் பொலிஸார் அன்றே அளந்து, தரையையும் படமெடுத்து வைத்திருந்தால்தான் எந்த மாதிரிக்கும் பயன் உண்டு. லயன்களில் கட்டிலே இல்லாத காம்பராக்கள் எத்தனையோ இருக்கின்றன.

சந்தேகம் எழுந்தால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம்.