மன்னார் வளைகுடாப் படகு உலா

மன்னார் வளைகுடாவின் தீவுகளையும் பவளப்பாறைகளையும் கடல் உயிர்களையும் சிறு படகில் சென்று காணும் பயணம். தூத்துக்குடியில் தொடங்கிப் பாம்பன் வரை 21 தீவுகள். இவை 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாகவும், சுற்றியுள்ள கடலும் கரையும் 1989இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டன.

அலாஸ்கா, கலாபகசு போன்ற இடங்களில் சொகுசுக் கப்பலில் தங்கிப் பல நாள் இயற்கையைப் பார்க்கிறார்கள். இங்கு அத்தகைய பயணம் பொருந்தாது. பாறைகள் ஆழமற்ற நீரில் கிடக்கின்றன. நங்கூரம் ஒருமுறை உராய்ந்தாலே பல ஆண்டு வளர்ச்சி நொறுங்கும். இராமநாதபுரம் மாவட்டத்தில் வனத்துறையின் மேற்பார்வையில் இயங்கும் கண்ணாடித்தளப் படகுகளே தகுந்த வழி. மான்கொம்புப் பவளமும் கடற்புல் வெளியும் காலடியில் நகரும். புல்லை மேயும் ஆவுளியா என்னும் கடற்பசு கண்ணில் படுவது அரிது. அதை எதிர்பார்த்துப் போக வேண்டாம். தென்மேற்குப் பருவக்காற்றின்போது நீர் கலங்கிவிடுவதால் அடியில் இருப்பவை தெளிவாகத் தெரியா.

தூத்துக்குடிப் பக்கத்துத் தீவுகள் வான், காசுவார், காரைச்சல்லி, விலாங்குச்சல்லி. இவற்றுள் விலாங்குச்சல்லி கடலில் மூழ்கிவிட்டது. முன்பு கட்டடத்துக்கும் சுண்ணாம்புக்கும் பவளத்தை வெட்டியது இதற்கு முக்கியக் காரணம். அரிப்பில் சுருங்கிய வான் தீவைக் காக்க 2015 முதல் செயற்கைப் பாறைகள் இறக்கப்பட்டன. தீவுகளில் அனுமதியின்றி இறங்கத் தடை உண்டு.