அண்டா மூடியைத் திறந்து பார்!

ஆட்சியாளர்கள் ஊர் சுற்றிய கதை – 9

மந்திரி ஆய்வுக்கு வருகிறார் என்றால் நம்மூர் அரசு ஆஸ்பத்திரியில் முதல் நாளே என்னென்ன நடக்கும் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. சுவருக்கு வெள்ளை, பாதையோரம் பிளீச்சிங் பவுடர், கட்டிலுக்குப் புது விரிப்பு. வருகிறவருக்கும் தெரியும், காட்டுகிறவருக்கும் தெரியும். 1929-இல் நியூயார்க் மாநிலத்தில் பதவியேற்ற கவர்னருக்கும் இது நன்றாகவே தெரிந்திருந்தது. ஆனால் கட்டடத்துக்குள் புகுந்து பார்க்க அவரால் முடியாது. கால்கள் இரண்டும் செயலிழந்தவர் அவர்.

பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டை ஜனாதிபதியாகத்தான் நாம் அறிவோம். அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகள் அவர் நியூயார்க் கவர்னராக இருந்தார். நம்மூர் ராஜ்பவன் கவர்னரைப் போல நியமனப் பதவி அல்ல அது. ஓட்டு வாங்கி ஜெயிக்க வேண்டும். ஜெயித்தால் இங்கே முதலமைச்சர் பார்க்கும் வேலையைப் பார்க்க வேண்டும். அந்நாளில் பதவிக்காலமும் இரண்டே ஆண்டு. ஜெயித்த கையோடு அடுத்த தேர்தலுக்கு ஊர் சுற்றக் கிளம்பியாக வேண்டிய உத்தியோகம்.

1921-இல், 39 வயதில், போலியோ அவரைப் படுக்கையில் தள்ளியது. இடுப்புக்குக் கீழே வலுவில்லை. எஃகுப் பட்டைகளைக் கால்களில் மாட்டி, முழங்கால் மடங்காதபடி பூட்டிக்கொண்டு, ஒரு கையில் ஊன்றுகோல், மறு கையில் மகனின் தோள் என்று சில அடிகள் எடுத்து வைப்பார். 1928-இல் கட்சி அவரை நிறுத்தியபோது, நோயாளியை நிறுத்துகிறார்களே என்று எதிர்முகாம் உச்சுக்கொட்டியது. அப்போது கவர்னராக இருந்துகொண்டே ஜனாதிபதி தேர்தலில் நின்ற ஆல் ஸ்மித், கவர்னர் என்ன சர்க்கஸ் வித்தையா காட்டப்போகிறார் என்று திருப்பிக் கேட்டார்.

உண்மையில் அந்தப் பிரசாரமே ஒரு வித்தைதான். நியூயார்க் நகரில் ஒரு சிறிய மண்டபம். கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவரைத் தூக்கிப் போனால் பார்ப்பவர்கள் பரிதாபப்படுவார்கள். பரிதாபம் ஓட்டாகாது. எனவே கட்டடத்தின் வெளிப்புறத்தில், தீ விபத்துக்கென்று வைத்திருந்த இரும்புப் படிக்கட்டு வழியே அவரைத் தூக்கி ஏற்றினார்கள். மேலே போய்ச் சேர்ந்ததும் கோட்டைச் சரிசெய்துகொண்டு, சிரித்த முகமாக மேடைக்குப் போனார். இதை அருகிலிருந்து பார்த்து எழுதிவைத்தவர் பிரான்சஸ் பெர்க்கின்ஸ். பின்னாளில் அமெரிக்க மத்திய அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண்மணி.

ஏறத்தாழ 25,000 ஓட்டு வித்தியாசத்தில் ரூஸ்வெல்ட் தப்பிப் பிழைத்தார். பதிவான ஓட்டோ 40 லட்சத்துக்கும் மேல். ஸ்மித் சொந்த மாநிலத்திலேயே தோற்றுப்போனார். சட்டமன்றம் எதிர்முகாமான குடியரசுக் கட்சி கையில். நியூயார்க் நகரத்தைத் தாண்டினால் விவசாயிகளும் சிற்றூர்களும் பரம்பரையாக அதே கட்சிக்காரர்கள். உள்ளூர்ப் பத்திரிகைகளிலும் பெரும்பாலானவை அந்தப் பக்கம். அந்த ஊர்களைப் பிடிக்க அவருக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று வானொலி. மற்றது, நேரில் போய் நிற்பது. நிற்பதுதானே சிக்கல்!

மாநிலத்தின் குறுக்கே ஈரி கால்வாய் இருந்தது. கால்வாய் மேற்பார்வைக்காக அரசு வைத்திருந்த ஒரு சிறு படகு, பெயரே ‘இன்ஸ்பெக்டர்’. கோடையில் மனைவி எலியனோரையும் மகன்களையும் ஏற்றிக்கொண்டு அதில் கிளம்பிவிடுவார். ஊர் வந்ததும் படகிலிருந்து காருக்கு மாறி, மனநல மருத்துவமனை, ஊனமுற்றோர் விடுதி, சிறைச்சாலை என்று அரசு நிறுவனங்களுக்குப் போவார். அவர் காரிலிருந்து இறங்குவதில்லை. நிறுவனத் தலைவர் வந்து பக்கத்தில் ஏறிக்கொள்ள, வண்டி வளாகத்தைச் சுற்றிவரும். வயல், புதுக்கட்டடம், நிதிப் பற்றாக்குறை எல்லாம் பேசுவார்கள். அந்த நேரத்தில் உள்ளே போவது எலியனோர்.

முதலில் அந்த அம்மாள் கொண்டுவந்த அறிக்கைகள் கணவருக்குத் திருப்தி தரவில்லை. இன்றைக்கு என்ன சாப்பாடு என்று பலகையில் எழுதியிருந்ததை ஒப்பிப்பார். அதுதான் தட்டில் விழுந்ததா, பார்த்தாயா என்று கேட்பார் இவர். அடுத்த இடத்தில் எலியனோர் அடுப்பங்கரைக்கே போய்ப் பாத்திர மூடியைத் திறந்து பார்த்தார். கட்டில்கள் எவ்வளவு நெருக்கமாகக் கிடக்கின்றன என்று பார்த்தார். கதவுக்குப் பின்னால் மடித்து வைத்த கட்டில் தென்பட்டால், ராத்திரியில் நடைபாதையிலும் ஆள் படுக்கிறது என்று அர்த்தம். ஊழியர் பக்கத்தில் வரும்போது நோயாளி முகம் மலர்கிறதா, ஒடுங்குகிறதா என்று கவனிக்கவும் பழகிக்கொண்டார். பெரிய அதிகாரியோ அந்நேரம் கவர்னரோடு காரில் போய்க்கொண்டிருப்பார். வேண்டுமென்றே வகுத்த உத்தியோ, கால்கள் விதித்த கட்டாயமோ, இதைவிடச் சுலபமாக அதிகாரியை அப்புறப்படுத்த முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதனால் எல்லாம் சீராகிவிட்டது என்று எழுதினால் பொய்யாகிவிடும். அவர் பதவியேற்ற அதே ஆண்டில், 1929 ஜூலையில், டானமோரா, ஆபர்ன் சிறைகள் இரண்டும் அடுத்தடுத்துக் கலவரத்தில் எரிந்தன. டிசம்பரில் ஆபர்ன் மறுபடி வெடித்தது. நான்காவது முறை பெருங்குற்றம் செய்தால் கட்டாய ஆயுள் என்று 1926-இல் கொண்டுவந்த பாம்ஸ் சட்டம் சிறைகளை நிரப்பித் தள்ளியிருந்தது. கட்டில் எண்ணுவதால் தீரும் நெரிசல் அல்ல அது. விடுதலைக்கான விதிகளைத் திருத்தவும் அட்டிகாவில் புதுச் சிறை எழுப்பவும் வேண்டியிருந்தது.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. இந்தப் படகுப் பயணங்கள் ஓட்டு வேட்டையும்தான். பயணத்தில் பால் விலையும் பண்ணை வரியும் மண் ரோடும் காதில் விழுந்தன. 1930 தேர்தலில் மின்கட்டணத்தைக் கையிலெடுத்தார். எல்லைக்கு அப்பால் கனடாவின் ஒன்டாரியோவில் ஒரு குடும்பம் கட்டும் பில் எவ்வளவு, உங்கள் ஊரில் எவ்வளவு என்று ஊர் ஊராகக் கணக்குச் சொன்னார். இஸ்திரிப்பெட்டி, ரொட்டி சுடும் கருவி வரை அந்தக் கணக்கு போனது.

இம்முறை வித்தியாசம் ஏறத்தாழ 7,25,000. நகரத்தை நீக்கிவிட்டு எண்ணினாலும் அவரே முன்னிலை. குடியரசுக் கட்சியின் கோட்டைகளிலும் ஓட்டு விழுந்திருந்தது.

அதற்குள் பங்குச்சந்தை சரிந்து ஓராண்டு ஆகியிருந்தது. நகரங்களில் ரொட்டிக்கான வரிசை நீண்டுகொண்டே போனது. 1931-இல் சட்டமன்றத்தின் சிறப்புக் கூட்டத்தைக் கூட்டி, வேலையில்லாதோர் நிவாரணத்துக்கு 2 கோடி டாலர் கேட்டார் கவர்னர். அந்தப் பணத்தைப் பங்கிடும் பொறுப்பு ஹாரி ஹாப்கின்ஸ் என்ற சமூகப் பணியாளரிடம் வந்து சேர்ந்தது. அவர் கதை அடுத்த வாரம்.