உருக்கப்பட்ட சிலை

மன்னனுக்குச் சிலை உண்டு. மாவீரனுக்குச் சிலை உண்டு. மக்களை வதைத்தவனுக்குங்கூடச் சிலை உண்டு! ஆனால், டோக்கியோ நகரின் சிபுயா இரயிலடியிலே நிற்பதோ ஒரு நாயின் சிலை. அரசனைக் காத்த நாயன்று அது, காத்திருந்த நாய்!

ஹாச்சிக்கோ என்பது அதன் பெயர். 1923-இல் அகிதாப் பகுதியிலே பிறந்து, டோக்கியோ பல்கலைக் கழகத்தின் வேளாண்மைப் பேராசிரியர் உவேனோ ஹிதேசபுரோவின் இல்லம் சேர்ந்தது. அவர் புறப்படுகையில் உடன் செல்லும். மாலையில் இரயிலடியிலே எதிர்நோக்கி நிற்கும். 1925 மே 21-ஆம் நாள் சென்றவர் திரும்பவில்லை. மூளையில் இரத்தம் கசிந்து, பணியிடத்திலேயே மாண்டார். நாய்க்கு அதனை யார் உரைப்பது? 1935 மார்ச் 8-இல் தான் சாகும்வரை, ஏறத்தாழப் பத்தாண்டுகள், அது சிபுயாவிற்கு வந்துகொண்டேயிருந்தது.

தொடக்கத்தில் அதற்குக் கிடைத்த வரவேற்பு யாது? விரட்டலும் அடியும்! 1932-இல் நாய்களை ஆராய்ந்துவந்த சைத்தோ என்பவர் முயற்சியால் நாளேடொன்றிலே செய்தி வந்தது. அதன் பின்னரே, விரட்டிய இடம் வாழ்த்துமிடமாயிற்று.

"தின்பண்டத்துக்காக வந்த நாய்தானே!" என்றனர் சிலர். ஐயுறுதல் நன்றே, பகுத்தறிவாளர் நாம் அதனை வெறுப்பதில்லை. இறந்தபின் அதன் இரைப்பையிலே இறைச்சி கோத்த குச்சிகள் இருந்தது மெய். ஆயின், பரிவு காட்டுவோர் பெருகுமுன்னரே, அடிபட்டும் அது வந்தது என்பதும் மெய். இரண்டையும் ஒருங்கே நோக்குவதே ஆராய்ச்சி.

இனி, ஆட்சியாளர் செய்ததைக் காண்போம். 1934-இல் வெண்கலச் சிலை எழுந்தது. திறப்பு விழாவிலே ஹாச்சிக்கோவே இருந்தது! 1935-இல் 'பெற்ற நன்மையை மறவாதே' எனும் கருத்தில், பள்ளி ஒழுக்கப் பாடநூலில் அதன் கதை ஏறியது. எந்தப் பள்ளியில்? நெருக்கடி நேர்ந்தால் பேரரசுக்காகத் தன்னையே ஈந்திட வேண்டுமென 1890-ஆம் ஆண்டின் கல்விக் கட்டளை கற்பித்த பள்ளியில்! பேராசிரியரிடம் நாய் கொண்ட பாசம், அரியணைக்கு அடங்கி நடக்கும் பாடமாயிற்று. பிள்ளைகள் வளர்ந்தனர், போர் வந்தது, களத்திலே மடிந்தனர். சிலை தப்பிற்றா? 1944-இல் அதனையும் பெயர்த்தெடுத்தனர், பின்னர் உலோகத்துக்காக உருக்கினர். விசுவாசத்தைப் பாடிய ஆட்சி, விசுவாசத்தின் சின்னத்தையே விழுங்கியது! சிலை வடித்த சிற்பி ஆண்டோ தெரு 1945-இல் வான்தாக்குதலில் மாண்டார். 1948-இல் அவர் மகன் தக்கேஷி மீண்டும் வடித்ததே இன்றுள்ள சிலை.

பேராசிரியரோடு இல்லறம் நடத்திய யாயேகோ அம்மையாரை எண்ணிப் பாருங்கள்! திருமணம் பதிவாகாமையால் சட்டம் அவரை மனைவியென ஏற்கவில்லை. பேராசிரியர் மறைந்தபின் வீடு அவருடையதாக இல்லை. 1961-இல் மறைந்த அவருடைய சாம்பல், பேராசிரியரின் கல்லறையிலே இடம் பெற்றது 2016-இல்! நாயின் அன்புக்குச் சிலை எழுப்பிய சமுதாயம், பெண்ணின் அன்புக்குப் பத்திரம் கேட்டது.

2015-இல் டோக்கியோ பல்கலைக் கழகத்தில் வேறொரு சிலை எழுந்தது. அதிலே ஹாச்சிக்கோ காத்திருக்கவில்லை. திரும்பி வந்த பேராசிரியர்மீது துள்ளித் தாவுகிறது. அங்கே கட்டளை இல்லை, களிப்பே உண்டு.

தோழர்களே! நாயின் அன்பைப் போற்றுவோம். அந்த அன்பைக் காட்டி, "நீயும் இப்படிக் காலடியில் கிட" என்று மனிதனிடம் கூற வருவோனை மட்டும் நோக்கி, "நீ எங்களுக்குச் செய்த நன்மை யாது?" என்று கேட்போம்.