சோழமண்டல் ஓவியர் கிராமம்

சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் 1966இல் உருவான ஓவியர், சிற்பியர் குடியிருப்பு. நிறுவியவர் கே.சி.எஸ். பணிக்கர் (1911–1977).

கோயம்புத்தூரில் பிறந்த பணிக்கர் தந்திப் பணியை விட்டுவிட்டு 1936இல் சென்னை ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். தென்னை, உப்பங்கழி, நீரில் விழும் ஒளி என நீர்வண்ண நிலக்காட்சிகளாலேயே முதலில் அறியப்பட்டார். 1960களில் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையின் புகழ் இந்தத் தொடக்கத்தை மறைத்துவிட்டது வருத்தத்துக்குரியது. 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். 1957 முதல் அந்தப் பள்ளிக்கே முதல்வராக இருந்தார்.

படிப்பு முடித்தவர்கள் பிழைப்புக்காகத் தூரிகையைக் கைவிடுவதை அவர் அங்கே நேரில் கண்டார். அரசையோ புரவலரையோ எதிர்பார்க்காமல் அவரும் மாணவர்களும் கண்டுபிடித்த வழி பத்திக். துணியில் மெழுகு பூசிச் சாயமேற்றும் இந்தக் கைத்தொழிலை ஓய்வு நேரத்தில் செய்து, விற்ற பணத்தைச் சேர்த்துக் கடலோர மணல்நிலத்தை வாங்கினார்கள். வீடுகளைத் தாங்களே எழுப்பிக்கொண்டார்கள். ஓவியம் விற்காத மாதங்களிலும் அடுப்பு எரிந்தது. வாங்குபவரின் விருப்பத்துக்காக வரைய வேண்டிய நெருக்கடியும் குறைந்தது. இந்தியக் கலை வரலாற்றில் இது அரிய சாதனை.

ஜே. சுல்தான் அலி, எஸ்.ஜி. வாசுதேவ், பி.எஸ். நந்தன், உலோகச் சிற்பியும் பணிக்கரின் மகனுமான எஸ். நந்தகோபால் ஆகியோர் இங்கு இயங்கியவர்களில் சிலர். கிராமத்துக்கென்று சொந்தக் காட்சிக்கூடமும் திறந்தவெளி அரங்கும் உண்டு. பணிக்கரும் இவர்களும் சார்ந்த சென்னைக் கலை இயக்கத்தின் படைப்புகளுக்கான அருங்காட்சியகம் 2009இல் திறக்கப்பட்டது. அதன் வளாகத்தில் உள்ள சிறு கூடங்களில் வெளியூர் ஓவியர்களும் கண்காட்சி நடத்துகிறார்கள்.