சம்மட்டியும் எழுதுகோலும்

உருவங்களுக்குச் செலுத்தும் வணக்கம் குறித்துக் கிறித்தவர்களுக்குள்ளேயே கடும் சச்சரவு நிகழ்ந்ததுண்டு. 1566இல் ஐரோப்பாவின் ஆண்ட்வெர்ப் நகரில் சீர்திருத்தச் சபையினர் கத்தோலிக்க ஆலயங்களுள் புகுந்து சொரூபங்களை உடைத்தனர். 1585இல் நகரம் கத்தோலிக்கர் வசமானதும் சொரூபங்கள் மீண்டும் எழுந்தன.

தமிழகத்திலோ இவ்வழக்கு எழுதுகோலால் நடந்தது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கின் லுத்தரன் சபையார், மாதா, புனிதர்களின் சொரூபங்கள் முன் செய்யும் வணக்கத்திற்கு வேத ஆதாரமில்லை என்றனர். ஏலாக்குறிச்சியில் மாதா ஆலயம் எழுப்பிய வீரமாமுனிவர், 1728இல் 'வேத விளக்கம்' எழுதி அச்சபையாரை மறுத்தார். வணக்கம் சொரூபத்திற்கன்று, அது குறிப்பவருக்கே என்பது கத்தோலிக்கர் வாதம்.

அவ்வாதத்தை நாம் ஏற்பதில்லை. வணக்கம் அல்லாஹ்வுக்கே உரியது. ஆயினும் பிறர் வணங்குபவற்றை ஏசலாகாது என்பதும் திருக்குர்ஆனின் (6:108) கட்டளையே. சம்மட்டி கல்லைத்தான் உடைக்கும், உள்ளத்தை மாற்றாது. கொள்கையை மறுப்போம், எவரையும் பழியோம்.